வேகமும் மதிப்பீடும்: இளம் வேகப்பந்து வீச்சாளர்களைத் தேர்ந்தெடுத்த வரலாறு

வேகமாகப் பந்து வீசும் இளைஞன் ஒருவனைக் கண்டால் அவன் பிற்காலத்தில் சிறந்த வீரனாவானா என்று கணிப்பது விளையாட்டு உலகின் கடினமான பணிகளுள் ஒன்றாகும். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இதற்கென்றே தனித் தொழிலும் பல அடுக்குப் பயிற்சிக் களமும் உள்ளன. அக்களம் மைனர் லீக் எனப்படும். இந்தியக் கிரிக்கெட்டில் இப்பணி முறையான வடிவம் பெற்றது 1987ஆம் ஆண்டு சென்னையில்தான். ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணத்தில் ஆலை நடத்தும் எம்.ஆர்.எப். டயர் நிறுவனம் அவ்வாண்டு சென்னையில் வேகப்பந்து வீச்சுக்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. அதே மாவட்டத்தில், ஆற்காட்டுக்கு அருகிலுள்ள திமிரி போன்ற சிற்றூர்களின் தெருக்களில் டென்னிஸ் பந்தை விரைந்து வீசும் இளைஞர்கள் இன்றும் பலர் உள்ளனர். அவர்களுள் யாரைத் தேர்ந்தெடுப்பது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்விக்கு இவ்விரு ஆட்டங்களின் வரலாறும் விடை தருகிறது. வேகம் ஒருவனைப் பயிற்சிக்கூடத்தின் வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கும். அவன் உள்ளே நிலைப்பானா என்பதை வேறு பண்புகளே முடிவு செய்கின்றன.

வேகத்தை அளந்த கருவிகள்

பந்தின் வேகத்தை எண்ணாகச் சொல்லும் ஆசை பழமையானது. 1946ஆம் ஆண்டு வாஷிங்டன் நகர மைதானத்தில் பாப் பெல்லர் என்னும் புகழ்பெற்ற பிட்சரின் வேகம் அமெரிக்க இராணுவத்தின் கருவியைக் கொண்டு அளக்கப்பட்டது. மணிக்கு 98.6 மைல், அதாவது ஏறத்தாழ 159 கிலோமீட்டர் எனப் பதிவாயிற்று. (பேஸ்பாலில் பந்தை எறிபவர் பிட்சர் எனப்படுவார்.) ஆனால் இத்தகைய கருவிகள் மிகப் பெரியவை, ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல முடியாதவை. எனவே இளைஞர்களைத் தேடிச் செல்லும் ஸ்கவுட்டுகள் தம் கண்ணையும் அனுபவத்தையுமே நம்பினர்.

1974ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், சாலையில் வாகன வேகத்தை அளக்கக் காவல்துறையினர் பயன்படுத்திய ரேடார் துப்பாக்கியைப் பேஸ்பால் மைதானத்திற்குக் கொண்டுவந்தார். கையில் பிடிக்கக்கூடிய அக்கருவி சில ஆண்டுகளிலேயே ஒவ்வொரு ஸ்கவுட்டின் பையிலும் இடம்பெற்றது. மதிப்பீட்டின் ஒரு பகுதி எளிதாயிற்று. அதனுடன் ஒரு சிக்கலும் வந்தது. எளிதில் அளக்கக்கூடிய பண்பே முதன்மையான பண்பு என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது.

கிரிக்கெட்டிலும் இதே ஆர்வம் இருந்தது. 1979ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உலகின் முன்னணி வேகப்பந்து வீச்சாளர்களின் வேகம் அளக்கப்பட்டது. ஜெப் தாம்சன் மணிக்கு 147.9 கிலோமீட்டர் வீசி முதலிடம் பெற்றார். மைக்கேல் ஹோல்டிங் 141.3, இம்ரான் கான் 139.7 என வீசினர். டென்னிஸ் லில்லியின் வேகம் 136.4 மட்டுமே. எனினும் தாம்சன் டெஸ்ட் ஆட்டங்களில் எடுத்த விக்கெட்டுகள் 200. லில்லி எடுத்தவை 355. அந்த லில்லியே பின்னர் சென்னைக்கு வந்து இந்திய இளைஞர்களை மதிப்பிடும் பொறுப்பை ஏற்றார் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி

வேகம் மட்டும் போதாது என்பதற்கு மைனர் லீக் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பெயர் ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி. 1957ஆம் ஆண்டில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி இவரை ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு வயது 18. பேஸ்பாலில் இவரைவிட வேகமாக எறிந்தவர் எவரும் இல்லை என்று அவருடன் ஆடியவர்கள் பலர் கூறியுள்ளனர்.

பேஸ்பாலில் பிட்சர் எறியும் பந்து, மட்டையாளரின் முழங்கால் முதல் மார்பு வரையிலான ஒரு கற்பனைப் பெட்டிக்குள் செல்ல வேண்டும். மட்டையாளர் மூன்று முறை தவறினால் ஆட்டமிழப்பார். பந்து நான்கு முறை பெட்டிக்கு வெளியே சென்றால் மட்டையாளருக்கு முதல் தளம் இலவசமாகக் கிடைக்கும். இதற்கு வாக் என்று பெயர். கிரிக்கெட்டின் வைடு பந்தைப் போன்ற தண்டனை என்றாலும் இதன் விளைவு அதைவிடப் பெரியது.

டல்கோவ்ஸ்கி 1957ஆம் ஆண்டில் கிங்ஸ்போர்ட் அணிக்காக 62 இன்னிங்ஸ் எறிந்தார். அவற்றில் 121 பேரை மூன்று வீச்சில் வீழ்த்தினார்; 129 பேருக்கு இலவசத் தளம் கொடுத்தார். 1960ஆம் ஆண்டில் ஸ்டாக்டன் அணிக்காக 170 இன்னிங்ஸ் எறிந்தபோது வீழ்த்தியவர்கள் 262. இலவசத் தளம் பெற்றவர்களும் 262. ஒரே கையின் ஆற்றலும் குறையும் சரிக்குச் சரியாக நின்ற கணக்கு இது.

1958ஆம் ஆண்டில் ஓரியோல்ஸ் நிர்வாகம் அவரை அபர்டீன் இராணுவச் சோதனைக் களத்திற்கு அனுப்பி வேகத்தை அளந்தது. கருவி 93.5 மைல் காட்டியது. முந்தைய நாள்தான் அவர் ஓர் ஆட்டத்தில் எறிந்திருந்தார். வழக்கமாகப் பிட்சர்கள் நிற்கும் மண்மேடும் அங்கு இல்லை. மேலும், கருவி அளக்கக்கூடிய சிறு இடைவெளிக்குள் பந்தைச் செலுத்தவே அவருக்கு நெடுநேரம் பிடித்தது. வேகத்தை அறிய நடந்த அச்சோதனை, அவருடைய உண்மையான குறை எங்கே உள்ளது என்பதையும் சேர்த்தே காட்டியது.

1962ஆம் ஆண்டில் எல்மைரா அணியின் மேலாளர் ஏர்ல் வீவர் இவரை வேறு வகையில் அணுகினார். பலரும் சொன்ன பலவகை அறிவுரைகளை ஒதுக்கி, இரண்டு வகைப் பந்துகளை மட்டும் எறியச் சொன்னார். அவ்வாண்டில் இலவசத் தளங்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் முதன்மை அணியில் இடம்பெறும் நிலைக்கு வந்தபோது ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவருடைய முழங்கை காயமுற்றது. பழைய வேகம் திரும்பவில்லை. முதன்மை லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல் 1965ஆம் ஆண்டுடன் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. பின்னர் அவர் கலிபோர்னியாவின் வயல்களில் கூலி வேலை செய்தார். மதுப் பழக்கத்தால் நெடுங்காலம் துன்புற்றார். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் தமது 80ஆம் வயதில் மறைந்தார். தவறான மதிப்பீட்டின் விலையை அணி ஒரு செலவுக் கணக்காக எழுதிக்கொள்ளும். வீரனோ அதைத் தன் வாழ்நாளால் செலுத்துகிறான்.

மைனர் லீக்கில் மதிப்பிடும் முறை

மைனர் லீக் என்பது முதன்மை லீக் அணிகளுக்கு வீரர்களை வளர்த்துத் தரும் பல அடுக்கு அமைப்பாகும். புதியவர்கள் ரூக்கி அடுக்கில் தொடங்குவர். அதன்மேல் ஒற்றை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என அடுக்குகள் உயரும். ஒவ்வோர் அடுக்கிலும் மட்டையாளர்களின் தரம் கூடும். கீழ் அடுக்கில் வெறும் வேகத்தால் வென்றவர் மேல் அடுக்கில் திணறுவது வழக்கம்.

ஸ்கவுட்டுகள் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுகின்றனர். 50 என்பது முதன்மை லீக்கின் சராசரி ஆகும். ஓர் இளைஞனுக்கு இரண்டு மதிப்பெண்கள் தரப்படும். ஒன்று இன்றைய நிலை. மற்றொன்று அவன் முழுமையாக வளர்ந்தபின் எட்டக்கூடிய நிலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே உண்மையான கணிப்பு. 18 வயது இளைஞனுடைய வேகப் பந்துக்கு இன்றே 70 தரலாம். ஆனால் அவனது திசைக் கட்டுப்பாடு இன்று 30 என்றால், அது 50 ஆகுமா என்பதுதான் ஸ்கவுட் விடை தேட வேண்டிய கேள்வி.

இதற்காக அவர்கள் கவனிப்பவை சில. பந்தைப் பெட்டிக்குள் போடும் திறன் ஒன்று. பெட்டிக்குள் நினைத்த மூலையில் போடும் திறன் மற்றொன்று. முன்னது இருந்து பின்னது இல்லாதவர் பலர். அடுத்து, வேகப் பந்தைத் தவிர வளையும் பந்தும் வேகம் குறைந்த பந்தும் கைவசம் உள்ளனவா என்று பார்ப்பர். வேகம் குறைந்த பந்தை எறியும்போது கையின் அசைவு மாறாமல் இருக்க வேண்டும். அசைவு மாறினால் மட்டையாளர் முன்கூட்டியே அறிந்துகொள்வார். அதன்பின் ஒவ்வொரு பந்துக்கும் கால், இடுப்பு, தோள் ஆகியவை ஒரே வரிசையில் இயங்குகின்றனவா என்று பார்ப்பர். இறுதியாக, அந்த அடுக்கில் ஆடுவோரின் சராசரி வயதோடு அவனுடைய வயதை ஒப்பிடுவர். 19 வயதில் பெறும் வெற்றிக்கும் அதே அடுக்கில் 24 வயதில் பெறும் வெற்றிக்கும் மதிப்பு வேறு.

உடல் இவை அனைத்துக்கும் அடிப்படை. மடக்கிய முழங்கையுடன் முழு விசையில் எறிவதால் பிட்சர்களின் முழங்கை உட்புறத் தசைநார் கிழிவதுண்டு. 1974ஆம் ஆண்டில் மருத்துவர் பிராங்க் ஜோப், டாமி ஜான் என்னும் பிட்சருக்கு உடலின் வேறிடத்துத் தசைநாரை எடுத்து முழங்கையில் பொருத்தினார். 1976இல் டாமி ஜான் மீண்டும் ஆட வந்தார். இன்று அச்சிகிச்சை அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இளம் கைகளைக் காக்கும் நோக்கில் 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வயதுவாரி வரம்புகள் வெளியிடப்பட்டன. அதன்படி 13, 14 வயதினர் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேலும், 17, 18 வயதினர் 105 பந்துகளுக்கு மேலும் எறியக்கூடாது.

சென்னைக்கு வந்த பயிற்சிக்கூடம்

தமிழகத்திற்கும் வேகப்பந்து வீச்சுக்கும் உள்ள உறவு பழமையானது. 1934ஆம் ஆண்டு நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தபோது முதல் பந்தை வீசியவர் சென்னை அணியின் எம்.ஜே. கோபாலன். காவல்துறை அலுவலரான சி.ஆர். ரங்காச்சாரி 1940களின் பிற்பகுதியில் இந்தியாவுக்காக நான்கு டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார். ஆயினும் 1960களிலும் 70களிலும் இந்தியா சுழற்பந்து வீச்சின் நாடாகவே அறியப்பட்டது. புதிய பந்தின் பளபளப்பைப் போக்குவதற்காக மட்டையாளர்கள்கூட ஓரிரு ஓவர்கள் வீசிய காலம் அது. கபில் தேவ் இளைஞராகப் பயிற்சி முகாமில் இருந்தபோது, வேகப்பந்து வீச்சாளனுக்கு இரண்டு சப்பாத்தி போதாது என்று முறையிட்டதாகவும், இந்தியாவில் வேகப்பந்து வீச்சாளர்களே இல்லை என்று அலுவலர் ஒருவர் சிரித்ததாகவும் அவரே பலமுறை கூறியுள்ளார். 1978இல் ஆடத் தொடங்கிய கபில் தேவ் 434 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். ஆனால் அவருக்குத் துணையாக மறுமுனையில் வீச ஆள் கிடைப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது.

இந்தப் பின்னணியில் எம்.ஆர்.எப். நிறுவனத்தைச் சேர்ந்த ரவி மாமன் முயற்சியால் 1987இல் எம்.ஆர்.எப். பேஸ் பவுண்டேஷன் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் அது இயங்கியது. டென்னிஸ் லில்லி இயக்குநரானார். இந்தியாவுக்காக இரண்டு டெஸ்ட் ஆட்டங்கள் ஆடிய சென்னை வேகப்பந்து வீச்சாளர் டி.ஏ. சேகர் அன்றாடப் பயிற்சியிலும் திறனாளர்களைக் கண்டறிவதிலும் முதன்மைப் பங்காற்றினார். லில்லி 2012 வரை அப்பொறுப்பில் இருந்தார். அதன்பின் கிளென் மெக்ராத் பொறுப்பேற்றார். மெக்ராத்தும் இளமையில் இங்கு வந்து பயிற்சி பெற்றவரே.

தொடங்கிய ஆண்டிலேயே மும்பையிலிருந்து ஒரு பள்ளி மாணவர் வேகப்பந்து வீச்சாளராக விரும்பி வந்தார். அவரைப் பார்த்த லில்லி மட்டை வீச்சில் கவனம் செலுத்தும்படி அறிவுறுத்தினார். அம்மாணவர் சச்சின் டெண்டுல்கர். இது வேடிக்கையாகச் சொல்லப்படும் செய்தி என்றாலும் மதிப்பீட்டின் ஒரு பயனைக் காட்டுகிறது. இல்லாத ஒன்றை இல்லை என்று உரிய காலத்தில் சொல்வதும் இளைஞனுக்குச் செய்யும் உதவியே.

முதுகெலும்பைப் பார்த்த கண்

பேஸ்பாலில் முழங்கை எவ்வளவு முக்கியமோ, கிரிக்கெட்டில் கீழ்முதுகு அவ்வளவு முக்கியம். கிரிக்கெட் வீச்சாளர் கையை நீட்டியபடி வீச வேண்டும். எனவே விசை முழுவதும் ஓட்டத்திலிருந்தும் உடல் திருப்பத்திலிருந்தும் வருகிறது. முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை முதுகெலும்பில் ஏறுகிறது. இடுப்பு ஒரு திசையையும் தோள் வேறு திசையையும் நோக்கும் கலப்பு முறை வீச்சில் முதுகு முறுக்கப்படுகிறது. இதனால் எலும்பில் நுண்ணிய முறிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்று 1980களில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்.

லில்லிக்கு இது நூலறிவு மட்டுமன்று. 1973இல் மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தின்போது அவருடைய முதுகெலும்பில் முறிவுகள் கண்டறியப்பட்டன. பல வாரங்கள் மாவுக்கட்டில் இருந்தார். உடற்பயிற்சி அறிஞர் பிராங்க் பைக் துணையுடன் உடலைப் புதிதாக வலுப்படுத்தி 1974இல் திரும்பினார். ஆகவே சென்னையில் அவர் ஓர் இளைஞனைப் பார்த்தபோது பந்து எவ்வளவு விரைவாகச் சென்றது என்பதோடு, அதே வேகத்தை அவ்வுடல் பத்தாண்டுகள் தாங்குமா என்றும் பார்த்தார். ஓட்டத்தின் சீர், கால் விழும் இடம், இடுப்பு தோள் ஒழுங்கு ஆகியவற்றைத் திருத்துவதே அங்குப் பயிற்சியின் பெரும்பகுதியாயிற்று.

சென்னைக்காரரான லட்சுமிபதி பாலாஜியின் வாழ்வு இதன் தேவையை உணர்த்துகிறது. 2004ஆம் ஆண்டின் பாகிஸ்தான் பயணத்தில் புகழ்பெற்ற அவர், முதுகெலும்பு முறிவால் நெடுங்காலம் ஆட முடியாமல் போனார். வீச்சு முறையை மாற்றிக்கொண்டு திரும்பி, 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். போட்டிகளின் முதல் ஹாட்ரிக் விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

தேர்ந்தவர்கள் சென்ற வழி

இப்பயிற்சிக்கூடத்தில் பயின்ற விவேக் ராஸ்தான் 1989இல் இந்திய அணிக்குத் தேர்வானார். அதன்பின் ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான், முனாப் படேல், வருண் ஆரோன் எனப் பலர் வந்தனர். இவர்களின் வரலாறுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மதிப்பீட்டின் பாடம் தெளிவாகும்.

மகாராட்டிரத்தின் ஸ்ரீராம்பூரிலிருந்து வந்தவர் ஜாகீர் கான். டி.ஏ. சேகர் அவரைச் சென்னைக்கு அழைத்தார். 2000ஆம் ஆண்டில் நல்ல வேகத்துடன் இந்திய அணியில் நுழைந்தார். காயங்களுக்குப் பின் 2006இல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் அணியில் ஆடி, ஓட்டத்தைக் குறைத்து, பழைய பந்தை இருபுறமும் திருப்பும் கலையைத் தேர்ந்தார். வேகம் குறைந்த அப்பிற்பகுதியில்தான் அவர் மதிப்பு உயர்ந்தது. 2011 உலகக்கோப்பையில் 21 விக்கெட்டுகள் எடுத்தார். டெஸ்ட் ஆட்டங்களில் 311 விக்கெட்டுகளுடன் நிறைவு செய்தார். குஜராத்தின் இக்கர் கிராமத்திலிருந்து வந்த முனாப் படேலும் விரைவான வீச்சாளராகவே பேசப்பட்டார். ஆனால் 2011இல் உலகக்கோப்பை வென்ற அணியில் அவர் ஆற்றிய பணி, மிதமான வேகத்தில் தவறாத இடத்தில் பந்தை இறக்கி ஓட்டங்களைக் கட்டுப்படுத்துவது.

ஜார்க்கண்டின் வருண் ஆரோன் உள்நாட்டு ஒருநாள் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வீசியவர். அதே 2011இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கினார். முதுகு முறிவுகள் அவரைத் திரும்பத் திரும்ப வெளியே நிறுத்தின. இந்தியாவுக்காக அவர் ஆடியவை 9 டெஸ்ட், 9 ஒருநாள் ஆட்டங்கள். ஜாகீரைவிட வேகம் கூடியவர் பெற்ற வாய்ப்பு ஜாகீருக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்கே. இதில் எவருடைய உழைப்பும் குறைந்ததன்று. உடல் தாங்குவது, தாங்காதபோது வேறு கலையைக் கற்றுக்கொள்வது என்னும் இரண்டும் வேகமானியில் தெரியாதவை.

ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும்

இந்திய இளைஞர்கள் நேரடியாக மைனர் லீக்கில் மதிப்பிடப்பட்ட நிகழ்வும் உண்டு. அமெரிக்க விளையாட்டு முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டீன், கிரிக்கெட் ஆடும் நாட்டில் விரைந்து எறியும் கைகள் இருக்கும் என்று எண்ணி, மில்லியன் டாலர் ஆர்ம் என்னும் போட்டியை இந்தியாவில் நடத்தினார். ஏறத்தாழ 37,000 பேர் பங்கேற்றனர். 2008இல் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த ரிங்கு சிங் வென்று ஒரு லட்சம் டாலர் பெற்றார். தினேஷ் படேல் இரண்டாமிடம் பெற்றார்.

இருவரும் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். கிரிக்கெட் வீச்சாளர்கள் அல்லர், ஈட்டி எறிபவர்கள். கிரிக்கெட்டில் நீட்டிய கை பழகுகிறது. ஈட்டி எறிதலில் கை மடங்கி விரிகிறது. பேஸ்பாலுக்கு உரியது பின்னதே. நாடு முழுவதும் தேடியவர்கள் எதிர்பாராத இடத்தில் கண்டெடுத்த உண்மை இது.

இருவரும் அமெரிக்கா சென்று, பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் சில மாதங்கள் கற்றனர். 2008 நவம்பரில் அரிசோனாவில் ஸ்கவுட்டுகள் முன் எறிந்து காட்டினர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலை 4 அன்று ரூக்கி அடுக்கின் ஆட்டமொன்றில் ரிங்கு சிங்கும் அவரைத் தொடர்ந்து தினேஷ் படேலும் களமிறங்கினர். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியர்கள் இவர்களே.

தினேஷ் படேல் 2010 டிசம்பரில் விடுவிக்கப்பட்டு நாடு திரும்பினார். ரிங்கு சிங் தொடர்ந்தார். 2012இல் மேற்கு வர்ஜீனியா அணிக்காக 39 ஆட்டங்களில் எறிந்து, ஒன்பது இன்னிங்சுக்குச் சராசரியாக மூன்று ஓட்டங்களே கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பேஸ்பால் என்னவென்றே அறியாதவருக்கு இது பெரிய வளர்ச்சி. ஆனால் அதன்பின் காயங்கள் வந்தன. முழங்கை அறுவை சிகிச்சையும் நடந்தது. 2016இல் பேஸ்பாலை விட்டு விலகி, 2018இல் அமெரிக்காவின் தொழில்முறை மல்யுத்தத்தில் சேர்ந்தார். இவர்களின் கதை 2014இல் ஏ.ஆர். ரகுமான் இசையுடன் திரைப்படமாக வந்தது. படம் ஒப்பந்தத்தை வெற்றியின் முடிவாகக் காட்டுகிறது. மைனர் லீக்கில் ஒப்பந்தம் என்பது தேர்வு தொடங்கும் நாள் மட்டுமே.

சின்னப்பம்பட்டியின் யார்க்கர்

தமிழ்நாட்டில் இதற்கு மறுபக்கமாக அமைந்தது தங்கராசு நடராஜனின் வரலாறு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்த இவர், 20 வயது வரை டென்னிஸ் பந்தில் மட்டுமே ஆடியவர். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷின் ஊக்கத்தால் சென்னைக்கு வந்து லீக் ஆட்டங்களில் சேர்ந்தார்.

டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. கிரிக்கெட்டின் தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். இலகுவான பந்தில் வேகம் பெறக் கையைச் சொடுக்கிப் பழகியவர், எடைமிக்க பந்தை அவ்வாறே வீசினால் முழங்கை மடங்கி நிமிரும். விதிப்படி அந்நிமிர்வு 15 பாகையைத் தாண்டக்கூடாது. 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான நடராஜனின் வீச்சு முறை ஐயத்திற்குரியது என்று நடுவர்கள் புகார் செய்தனர். பலரின் ஆட்ட வாழ்வு முடியும் இடம் அது. அவர் தமிழகப் பயிற்சியாளர்களின் துணையுடன் கையின் இயக்கத்தை முழுவதும் மாற்றிக்கொண்டு திரும்பினார்.

அவரிடம் இருந்த சிறப்புத் திறன் கடும் வேகம் அன்று. மட்டையாளரின் காலடியில் பந்தை மீண்டும் மீண்டும் இறக்கும் யார்க்கர். டி.என்.பி.எல். போட்டிகளில் அது வெளிப்பட்டது. 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 லட்சத்திற்கு எடுத்தது. 2020 ஐ.பி.எல். போட்டியில் 16 விக்கெட்டுகள் எடுத்தபின், வலைப்பயிற்சியில் வீசுவதற்காக ஆஸ்திரேலியா அழைத்துச் செல்லப்பட்டார். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், இரண்டு நாள் கழித்து டி20 ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் இவரே. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி அவருக்கு 10.75 கோடி கொடுத்தது. ஏலத்தொகை ஏறியும் இறங்கியும் நின்றது, யார்க்கர் மாறவில்லை.

சிற்றூர் இளைஞனும் மதிப்பீடும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இந்தியாவின் கிரிக்கெட் பந்துகளோ பெரும்பாலும் மீரட்டிலும் ஜலந்தரிலும் தைக்கப்படுகின்றன. இத்தோல் வட்டாரத்தின் சிற்றூர்களிலும் தமிழகத்தின் பிற சிற்றூர்களைப் போலவே இளைஞனுக்கு முதலில் கிடைப்பது டென்னிஸ் பந்துதான். தோல் பந்து, அதற்கேற்ற ஆடுகளம், பாதுகாப்புக் கவசங்கள், முன்கால் வழுக்காத காலணி ஆகியவற்றுக்குச் செலவு மிகுதி. ஆகவே திமிரியில் விரைந்து வீசும் ஒருவன் தன் முதல் தோல் பந்தைத் தொடும்போது, நகரத்துப் பள்ளி மாணவன் அதில் ஐந்தாறு ஆண்டுகள் பழகியிருப்பான். தேர்வு நாளில் இருவரையும் ஒரே வேகமானியால் அளந்தால் கிடைப்பது இருவரின் இன்றைய நிலை மட்டுமே. எவ்வளவு தூரம் வளர முடியும் என்பது அதில் தெரியாது.

மைனர் லீக்கின் நல்ல மரபு இங்குப் பயன்படும். இன்றைய மதிப்பெண்ணையும் நாளைய மதிப்பெண்ணையும் தனித்தனியே எழுதுவது அம்மரபு. ஒரே நாள் தேர்வில் முடிவெடுக்காமல் சில மாதங்கள் பார்ப்பதும், ஒரு திருத்தத்தைச் சொல்லிக்கொடுத்து அடுத்த முறை அது நிலைத்திருக்கிறதா என்று கவனிப்பதும், வளரும் எலும்புக்கு ஏற்பப் பந்துகளின் எண்ணிக்கையை வரையறுப்பதும் அதன் பகுதிகளாகும். வீவர் டல்கோவ்ஸ்கியிடமும், பயிற்சியாளர்கள் நடராஜனிடமும் செய்தது இதுவே. முன்னவருக்கு அக்கவனம் ஐந்து ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்தது. பின்னவருக்கு முடிந்துபோகும் வேளையில் கிடைத்தது.

நடராஜன் தம் ஊரான சின்னப்பம்பட்டியில் அமைத்த கிரிக்கெட் மைதானம் 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அங்குள்ள சிறுவர்கள் தோல் பந்தைத் தொட 20 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.